காலியாக இருந்த மாடி

போன வாரம் ரெங்கநாயகி வாசலில் நின்று போட்ட சத்தம் தென்னூரில் அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. சந்துக் கோடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட்காரர்களில் ஒருவன் சுக்தேவ். அவன் அவள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தான். இனிமேல் யாரையாவது இந்தப் படியில் பார்த்தால் நடப்பதே வேறு என்று அவள் கத்தியது அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எழுந்து போய்விட்டான்.

உண்மையில் அவள் கோபம் அவன் மேல் இல்லை. மகள் சுபலட்சுமிக்கு வந்த கரூர் சம்பந்தம் தட்டிப் போனதில் அவள் நொந்திருந்தாள். பெண்ணைப் பிடித்திருந்தது, ஜாதகமும் பொருந்தியது. அப்புறம் தரகர் தயங்கித் தயங்கி ஒரு பதில் கொண்டுவந்தார். மாடியில் சீனாக்காரர்கள் மாதிரி யாரையோ குடிவைத்திருக்கிறார்களாம், என்னென்னத்தையோ சமைப்பார்களாம், சந்தில் பாதிப் பேர் எந்த ஊர் என்றே தெரியவில்லையாம்.

அந்தச் ‘சீனாக்காரர்கள்’ அஸ்ஸாமிலிருந்து வந்த திகந்தாவும் அவன் மனைவி ஜூன்மணியும்தான். திகந்தா அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டர். ஜூன்மணி தில்லைநகரில் பியூட்டி பார்லர் ஒன்றில் வேலை செய்கிறாள். சந்தில் எல்லாரும் அவளை மணி என்றே கூப்பிட்டார்கள். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் மைனா, பேச ஆரம்பித்ததே இந்த வீட்டில்தான். அம்மாவிடம் அம்மா பாஷையில் பேசிவிட்டு, கீழே இறங்கி வந்து ரெங்கநாயகியின் கணவர் ரத்தினவேலிடம், “தாத்தா, எனக்கு முறுக்கு குடுங்க” என்று அட்சரசுத்தமான திருச்சித் தமிழில் கேட்கும்.

ரத்தினவேல் பொன்மலை ரயில்வே பணிமனையில் ரிட்டயராகும் தறுவாயில் இருந்தார். திகந்தாவைக் குடிவைத்தது அவர்தான். அப்போது ரெங்கநாயகியும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லப்போனால் மைனாவுக்கு முதல் மொட்டை போட்ட அன்று சந்தனம் அரைத்துத் தடவியது அவள்தான்.

இதெல்லாம் கரூர்ப் பதில் வருவதற்கு முன்னால்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஜீயபுரத்தில் வாழைத்தோப்பு வைத்திருந்த குடும்பம். பையன்கள் படிப்புக்காக ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள். பையன் அஜித் சென்னையில் வேலை பார்த்தான். சுபலட்சுமி தனியார் பள்ளியில் ஆசிரியை. போட்டோ பார்த்ததிலேயே இரண்டு பக்கமும் திருப்தி.

காலையில் ரெங்கநாயகி மாடிக்குப் போனாள். ஜூன்மணி கதவைத் திறந்ததும் கஞ்சி வாசனை வந்தது. மைனா பாயில் படுத்திருந்தது. விடியற்காலையிலிருந்து காய்ச்சல் என்றும், அதனால் தான் லீவு போட்டிருப்பதாகவும், திகந்தா ஓவர்டைம் போயிருப்பதாகவும் ஜூன்மணி தன் துண்டு துண்டான தமிழில் சொன்னாள்.

ரெங்கநாயகி குனிந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது. ஈரத்துணி போடச் சொன்னாள். பிறகு, வந்த காரியத்தைச் சொன்னாள். கீழே முக்கியமானவர்கள் வருகிறார்கள், அவர்கள் போகும்வரை நீயும் குழந்தையும் கீழே வராமல் இருந்தால் நல்லது என்றாள்.

ஜூன்மணி ஏன் என்று கேட்கவில்லை. “ஓகே ஆன்ட்டி. மைனா தூங்குது” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் வருத்தம் ஏதும் இருந்ததா என்று ரெங்கநாயகி பார்க்கவில்லை. படியிறங்கி வந்தவளுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. குழந்தை எழுந்தால்? ஓடி வந்து கூடத்தின் நடுவில் நின்று தாத்தா என்று கூப்பிட்டால்? சித்ராதேவி, அதுதான் அஜித்தின் அம்மா, அக்கம்பக்கத்தில் யார் எவர் என்பதில் ரொம்பக் கண்டிப்பு என்று தரகர் சொல்லியிருந்தார்.

மாடிப்படி வீட்டுக்குப் பக்கவாட்டில், வெளியே இருந்தது. கீழே ஒரு கம்பிக் கேட். அதற்குப் பூட்டு போடும் வழக்கமில்லை. ரெங்கநாயகி பீரோவிலிருந்து ஒரு பூட்டை எடுத்து வந்து மாட்டினாள். ஒரு மணி நேரம்தானே என்று நினைத்துக்கொண்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கேசரி கிளறப் போனாள்.

*

வந்தவர்கள் நல்ல மனிதர்களாகவே இருந்தார்கள். சித்ராதேவி அதிகம் பேசவில்லை, ஆனால் பேசியதில் குத்தல் இல்லை. சுபலட்சுமி காபி கொண்டுவந்து வைத்ததும், பக்கத்தில் உட்காரச் சொல்லி, பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தாள். அஜித் அவளைப் பார்ப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தான்.

பேச்சு அந்தச் சந்தின் பக்கம் திரும்பியது. ரெங்கநாயகி பெருமையாகவே சொன்னாள்.

“இந்தச் சந்துல ஜாதி மதம்னு ஒண்ணும் கிடையாதுங்க. எதிர்வீட்டு ஷரபுன்னிசா நோன்புக் கஞ்சி குடுத்தனுப்புவா. நாலாவது வீட்டு அற்புதசாமி சார் கிறிஸ்துமஸுக்கு முதல் கேக் எங்களுக்குத்தான் குடுப்பாரு. எல்லாரும் ஒரே குடும்பமாத்தான் இருக்கோம்.”

சித்ராதேவி தலையாட்டினாள். பிறகு சாதாரணமாக, “மாடியிலயும் வீடு இருக்குபோல?” என்றாள்.

“இருக்குங்க. இப்பக் காலியாத்தான் கிடக்கு.”

ரத்தினவேல் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் மகளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த காபியைக் குடித்தார்.

அப்போதுதான் கம்பி ஆடுகிற சத்தம் கேட்டது.

முதலில் லேசாக. கொஞ்சம் விட்டு, பலமாக. ஏசி போட்டுக் கூடத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்ததால் எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களுக்குப் பிடிபடவில்லை. அது என்ன சத்தம் என்று சித்ராதேவி கேட்டாள்.

“குரங்குங்க” என்றாள் ரெங்கநாயகி. “அப்பப்ப வரும். மாடி காலியா இருக்குல்ல, கேட்டைப் பிடிச்சு ஆட்டும்.”

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் காபி கொண்டுவருவதாக எழுந்து சமையலறைக்குப் போனாள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு நேர் வெளியேதான் மாடிப்படி. அங்கே குரல் தெளிவாக வந்தது.

“ஆன்ட்டி. கேட் ஆன்ட்டி. மைனா… ஆன்ட்டி.”

குழந்தை எழுந்து கீழே வர அழுகிறது போலிருக்கிறது என்று ரெங்கநாயகி நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள் என்று பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் குரல் அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற தாயின் குரல் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்திருந்தது. அவளும் ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தவள்தான்.

போய்த் திறந்தால் மாடி காலி என்று சொன்னது என்னாவது? குரங்கு என்று சொன்னது?

ஐந்து நிமிஷம். அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவள் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள். அடுப்பில் பாலை வைத்தாள்.

*

பால் பொங்குவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ஷரபுன்னிசா முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் நேராகக் கூடத்துக்குள் வந்து நின்றாள்.

“ரெங்கக்கா, மாடிக் கேட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கு. சாவி எங்க? மணி குழந்தைக்கு இழுக்குது.”

கூடத்தில் இருந்த எல்லாரும் சமையலறை வாசலில் நின்ற ரெங்கநாயகியைப் பார்த்தார்கள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஒரு நொடி போதும்.

“பூட்டா?” என்றாள் அவள். “எனக்குத் தெரியாதே ஷரபு.”

ஷரபுன்னிசா அடுத்த வார்த்தைக்கு நிற்கவில்லை. வெளியே ஓடி வீரமலையைக் கூப்பிட்டாள். ஆட்டோ ஓட்டுகிற வீரமலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தான். சுபலட்சுமி பட்டுப்புடவையோடு எழுந்து ஓடினாள். அவள் பின்னால் அஜித்தும் போனான்.

இரண்டு மூன்று அடியில் பூட்டு தெறித்தது. ஜூன்மணி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மைனா விறைத்துப் போய், கண் மேலே செருகி, வாயோரம் நுரையோடு கிடந்தது. ஜூன்மணியின் உள்ளங்கைகள் கேட்டைப் பிடித்து உலுக்கியதில் சிவந்து, ஒரு கையில் தோல் பிய்ந்திருந்தது. அவள் அழவில்லை. யாரையும் எதுவும் கேட்கவில்லை. சுபலட்சுமி குழந்தையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ கிளம்பியது. ரத்தினவேல் ஸ்கூட்டரில் பின்னால் போனார். அஜித் தானும் வரட்டுமா என்று கேட்டதற்கு, சுபலட்சுமி வேண்டாம் என்று தலையாட்டியிருந்தாள்.

சந்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். சித்ராதேவியும் வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தவள், ரெங்கநாயகியின் முன்னால் நின்றாள்.

“காலியா இருக்குன்னு சொன்னீங்க” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் ரெங்கநாயகி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சித்ராதேவி மெதுவாகத்தான் சொன்னாள். பதில் எதிர்பார்க்காமல் காரில் ஏறிக்கொண்டாள்.

*

புத்தூர்ப் பக்கம் இருந்த அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில், ஊசி போட்டதும் மைனாவின் உடம்பு தளர்ந்தது. காய்ச்சல் தலைக்கேறியதால் வந்த வலிப்புதான், பயப்பட ஒன்றுமில்லை, சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் இழுத்தது என்று கேட்டார். ஜூன்மணி யோசித்துச் சொன்னாள். டாக்டர் முகம் சுருங்கியது. இவ்வளவு நேரம் விட்டிருக்கக் கூடாதே, உடனே தூக்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்றார்.

“கேட் லாக் சார்” என்றாள் ஜூன்மணி.

டாக்டருக்கு அது புரியவில்லை. பக்கத்தில் நின்ற ரத்தினவேலுக்குப் புரிந்தது. அவர் வராண்டாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

பூட்டு யார் போட்டது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காலியாகக் கிடக்கு என்று மனைவி சொன்னபோது தன் வாயில் இருந்த காபியின் ருசிகூட அவருக்கு ஞாபகம் இருந்தது.

திகந்தா பட்டறை உடுப்போடு வந்து சேர்ந்தான். உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, அவர் முன்னால் நின்றான். அவர் எழுந்தார். திட்டப் போகிறான், திட்டட்டும் என்று நினைத்தார்.

“சாரி அங்கிள்” என்றான் அவன். “உங்க பொண்ணு கல்யாணம் பேச வந்தாங்க. எங்களால கெட்டுப் போச்சு.”

ரத்தினவேலின் அப்பா கோவில்பட்டியிலிருந்து பொன்மலைக்கு வேலைக்கு வந்தவர். முதலில் குடியிருந்த வீட்டில், வீட்டுக்காரர் குடும்பத்தில் விசேஷம் என்றால் அப்பா பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு காவிரிக்கரை முக்கொம்புக்குப் போய்விடுவார். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, நாளெல்லாம் தண்ணீரில் ஆட்டம். அதை இவ்வளவு காலமும் அவர் உல்லாசப் பயணம் என்றே நினைத்திருந்தார். அது என்ன என்பது இந்த ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் அவருக்குத் தெரிந்தது.

திகந்தாவின் தோளைத் தொடக் கை தூக்கினார். பிறகு, தொடுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றிக் கையை இறக்கிக்கொண்டார்.

*

வீட்டில் ரெங்கநாயகி தனியாக இருந்தாள். யாரும் தொடாத கேசரி தட்டுகளில் இறுகிக் கிடந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்திருந்தது. அவள் அதைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தாள். குரங்கு என்று தான் சொன்னது திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. முன்பு கடைத்தெருவில் எவனோ ஒருவன் ஜூன்மணியைப் பார்த்து அந்த மாதிரி ஏதோ சொன்னபோது, அவனை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் இதே ரெங்கநாயகிதான்.

மத்தியானம் ஆட்டோவோடு திரும்பி வந்த வீரமலை, குழந்தைக்கு ஆபத்தில்லை என்று சொன்னான். அவள் சுவாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கும்பிடக் கை வரவில்லை. வெளியே வீரமலையும் அற்புதசாமியும் உடைந்த பூட்டைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அற்புதசாமி வாசலுக்கு வந்தார்.

“ஏம்மா, போன வாரம் அந்த இந்திக்காரப் பையனைப் படியில உட்காரக் கூடாதுன்னு திட்டினீங்கல்ல? அந்த ஆத்திரத்துலதான் பூட்டிட்டுப் போயிருப்பான்னு வீரமலை சொல்றான். உங்களுக்கு என்ன தோணுது?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரெங்கநாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லாததை, ஆமாம் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார்.

*

நாலு மணிவாக்கில் சுபலட்சுமி அப்பாவோடு திரும்பி வந்தாள். புடவையில் மைனாவின் வாந்தி காய்ந்திருந்தது. அவள் மாற்றிக்கொள்ளப் போகவில்லை. அம்மாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த போனில் அஜித்திடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது, பூட்டியது யார் என்று தெரிந்ததா என்று கேட்டிருந்தான். அவள் பதில் போடவில்லை.

“அம்மா, ஷரபும்மா வந்து சாவி கேட்டப்ப உங்க கை இடுப்புக்குப் போச்சு. நான் பார்த்தேன்.”

ரெங்கநாயகியின் கை மறுபடி இடுப்புக்குப் போயிற்று.

“அதை யார்கிட்டயும் சொல்லலை. ஆஸ்பத்திரியில மணி அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும்னு சொன்னாங்க. எனக்கு அந்தக் கையை உதறிட்டு ஓடணும்போல இருந்துச்சும்மா.”

“உனக்காகத்தான்டி…” என்று ஆரம்பித்த ரெங்கநாயகி நிறுத்திக்கொண்டாள். கரூர் சம்பந்தம் தட்டிப் போனபோது மகள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதது தான்தான் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

ரத்தினவேல் சுவரைப் பார்த்தபடி சொன்னார். “அவளை மட்டும் சொல்லாத சுபா. நானும் பக்கத்துல உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அப்போது சந்துக் கோடியில் இரைச்சல் கேட்டது.

ரத்தினவேல் எட்டிப் பார்த்தார். வீரமலையும் இன்னும் சிலரும் சுக்தேவைச் சட்டையோடு பிடித்து இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். அவன் அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் பின்னால் கையெடுத்துக் கும்பிட்டபடி வந்தார்கள். வீரமலையின் குரல் ஓங்கி வந்தது. சாவி எங்கடா, ஏன்டா பூட்டினே என்று அவன் தமிழில் கேட்டான். சுக்தேவ் இந்தியில் என்னவோ சொன்னான். அவன் சொன்னது யாருக்கும் புரியவில்லை, யாரும் புரிந்துகொள்ள நிற்கவுமில்லை. ஒரு அறை விழுந்தது.

ரெங்கநாயகி எழுந்தாள். மகளைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கவில்லை. செருப்புப் போடாமல் வாசற்படி இறங்கிச் சந்தின் நடுவில் போய் நின்றாள்.

“அவனை விடு வீரமலை.”

வீரமலை, நீங்க சும்மா இருங்கக்கா, இவனுங்களுக்கெல்லாம் இப்படிக் கேட்டாத்தான் உண்மை வரும் என்றான்.

“உண்மை அவன்கிட்ட இல்ல.” அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். “நான்தான் பூட்டினேன். வந்தவங்க மணியையும் குழந்தையையும் பார்த்துடக் கூடாதுன்னு பூட்டினேன்.”

வீரமலையின் கை தானாகச் சட்டையை விட்டது. அற்புதசாமி கையிலிருந்த உடைந்த பூட்டைப் பார்த்தார், பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஷரபுன்னிசா தன் வாசலில் இருந்தாள். “நான் வந்து கேட்டேனே ரெங்கக்கா” என்று மட்டும் சொன்னாள்.

ரெங்கநாயகியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுக்தேவின் பக்கம் திரும்பினாள். அவன் கன்னம் வீங்கிச் சிவந்திருந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு ஒரு வார்த்தைகூட அவன் பாஷையில் தெரியாது. கையைக் குவித்தாள். அவன் பயந்து ஓரடி பின்னால் போனான். இதுவும் ஏதோ அதட்டல் என்று நினைத்துவிட்டான்.

கூட்டத்துக்குப் பின்னால் பைக் ஒன்று நின்றிருப்பதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். திகந்தா பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். பின்னால் ஜூன்மணி, தோளில் தூங்குகிற மைனாவோடு. அவர்கள் எப்போது வந்தார்கள், எதுவரை கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

சுக்தேவ் திகந்தாவிடம் இந்தியில் ஏதோ கேட்டான். திகந்தா தணிந்த குரலில் பதில் சொன்னான். நீளமாகச் சொல்லவில்லை. சுக்தேவ் ரெங்கநாயகியை ஒருமுறை பார்த்தான். கீழே கழன்று கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கூட வந்தவர்களோடு தன் அறையைப் பார்த்து நடந்தான்.

ஜூன்மணி ரெங்கநாயகியின் அருகே வந்தாள். பிய்ந்த கையில் கட்டுப் போட்டிருந்தது.

“ஆன்ட்டி, நான் கூப்பிட்டேன். நிறைய கூப்பிட்டேன்.” அவள் சரியான தமிழ் வார்த்தைக்காகக் கொஞ்சம் யோசித்தாள். “உங்களுக்குக் கேட்டுச்சா?”

பூட்டியதைச் சொல்லிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்றுதான் ரெங்கநாயகி இறங்கி வந்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைக்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் ஜூன்மணி நம்பிவிடுவாள். ஏசி ஓடியது, ஜன்னல் சாத்தியிருந்தது என்று சொல்ல இடமிருந்தது. ஜூன்மணியின் முகமும் அந்தப் பதிலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

“கேட்டுச்சும்மா” என்றாள் ரெங்கநாயகி. “ஜன்னலைச் சாத்தினேன்.”

ஜூன்மணி சரி என்பதுபோலத் தலையசைத்தாள். ரத்தினவேல் முன்னால் வந்து நின்றபோது மைனா கண் விழித்து, சோர்வோடு அவரைப் பார்த்து ஒரு கையை நீட்டியது. ஜூன்மணி அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடக்கித் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

பிறகு திரும்பி, எதிர்வீட்டை நோக்கி நடந்தாள். ஷரபுன்னிசா கதவை அகலத் திறந்து வழிவிட்டாள். திகந்தா மட்டும், குழந்தையின் துணிகளை எடுத்துவர மாடியேறினான்.

சுபலட்சுமி அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள். தொடவில்லை, ஆனால் நின்றாள். கூட்டம் ஒருவர்பின் ஒருவராகக் கலைந்தது. எதிர்வீட்டுக் கூடத்திலிருந்து மைனாவின் குரல், தூக்கக் கலக்கத்தோடு, தெளிவான தமிழில் வந்தது.

“அம்மா, நம்ம வீடு அந்தப் பக்கம்.”

ஜூன்மணி என்னவோ பதில் சொன்னாள். அது அவள் பாஷையில் இருந்தது. ரெங்கநாயகி வெறுங்காலோடு சந்தில் நின்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை.